குனிந்திருந்தவரின் சிப்பிகள்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. திருடினேன் என்பதைத்தான் இப்படி நாகரிகமாகச் சொல்கிறேன். கடற்கரை விடுதி ஒன்றின் மூன்றாவது மாடி பால்கனியில், ஆறிப்போன காப்பியோடு நின்றிருந்தேன். கீழே மணலில் ஒருவர் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்தேன். பார்த்ததை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். எழுதுகிறவர்களை வீட்டுக்குள் விடக் கூடாது என்று என் அக்கா சொல்வாள். அவள் என்னைத் தவிர வேறு எழுதுகிறவர் யாரையும் பார்த்ததில்லை.

அந்த மனிதர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார். அதிலிருந்து சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்தார்.

இன்னொரு தடவை படியுங்கள். பொறுக்கவில்லை, வைத்தார். கடற்கரைக்குப் போகிறவர்கள் எல்லாரும் சிப்பியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். இவர் பையில் கொண்டுபோய்க் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். சரி, ஆள் ஒரு மாதிரி போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் வைக்கிற விதத்தைக் கவனித்தேன். ஒன்றை வைப்பார். பின்னால் நகர்ந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். திருப்தி வராமல் திரும்ப வந்து, அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, மேலே ஒரு சிட்டிகை மணல் தூவுவார். மறுபடி பின்னால் போவார்.

முந்தின நாள் வரவேற்பறையில் இதே மனிதர் மேனேஜரிடம் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. "இன்னொரு தலையணை கிடைக்குங்களா? சின்னதா இருந்தா தேவலை. நாளைக்கு என் பொண்ணு வர்றா."

என்னிடம் இருந்த சரக்கு இவ்வளவுதான். காலையில் சிப்பி வைத்த மனிதர், ஒரு சின்னத் தலையணை. அப்புறம் சாயங்காலம் பார்த்தது ஒன்று உண்டு, அதை ஆறாவது பகுதிவரை சொல்ல மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

(அக்கா போனில் கேட்டாள்: "யாரோட போயிருந்தே?" "தனியாத்தான்." "கடற்கரைக்கு யாராவது தனியாப் போவாங்களா?" போவார்கள். அங்கே போன பிறகு எப்படி நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் தெரியாது.)

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

கடல் அன்று வழக்கத்தைவிட—

வேண்டாம். கடலில் ஆரம்பித்தால் அரைப் பக்கத்துக்கு அலையைத்தான் எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

மனைவியைப் பிரிந்த ஒரு தகப்பன்—

இதுவும் வேண்டாம். பிரிந்த என்று எழுதின உடனே யார் மேல் தப்பு என்று நீங்கள் கணக்குப் போடக் கிளம்பிவிடுவீர்கள். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், ஒத்துவரவில்லை என்றால் நம்பவா போகிறீர்கள்? ஆனாலும் விஷயம் அதுதான். இரண்டு பேரும் நல்லவர்கள், ஒத்துவரவில்லை. மகள் அம்மாவிடம் இருக்கிறாள். இதற்கு மேல் தோண்டாதீர்கள்.

மூன்றாவதாக எழுதினதை வைத்துக்கொண்டேன்.

அவரைக் கடையில் எல்லாரும் பொம்மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய துணிக்கடை, நாலு மாடி. வாசல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற ஆளுயரப் பொம்மைகளுக்குச் சட்டை போடுவது, கவுன் மாட்டுவது, கழுத்தைத் திருப்பி வைப்பது எல்லாம் அவர் வேலை. பொம்மைக்கு எந்தத் துணியும் அளவாக இருக்காது. முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்துக் குண்டூசி குத்த வேண்டும். முன்னால் பார்த்தால் மாப்பிள்ளைக் களை, பின்னால் போய்ப் பார்த்தால் முள்ளம்பன்றி. பொம்மைக்காரர் தன் வேலையைப் பற்றிச் சொல்லும்போது இதைச் சொல்லித்தான் சிரிப்பார்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. குவித்துப்போட்ட துணிகளை அடுக்குவது. கடைக்குப் புதிதாக வருகிற பையன்கள் நல்ல துணியை மேலே வைப்பார்கள். பொம்மைக்காரர் அதை எடுத்து மங்கலான இரண்டு சட்டைகளுக்கு அடியில் செருகி, அதன் கை நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி விடுவார்.

"எடுத்து நீட்டினா யாருக்கும் புடிக்காதுப்பா. அவங்களா தேடி எடுத்த மாதிரி இருக்கணும்."

அடுக்கிவிட்டு ஒரு பொம்மைக்குப் பின்னால் போய்ச் சும்மா நிற்பார். யாரோ ஒரு அம்மா வருவார், கிளறுவார், அந்தக் கை நுனியைப் பிடித்து இழுப்பார். "அட!" என்பார். அந்த ஒரு 'அட'வுக்காகத்தான் பொம்மைக்காரர் வேலைக்கு வந்தார். சம்பளத்தை விடுங்கள், அது எங்கே போனாலும் கிடைக்கும்.

(இடையில் ஒன்று. அவர் துணிக்கடையில் வேலை செய்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாரே, அதை வைத்துக் கட்டினது. ஓவியர் என்று வைத்திருக்கலாம். கதைகளில் ஓவியர்கள் ஏற்கெனவே இடிபட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.)

3

மகளுக்கு அவர் வைத்த செல்லப் பெயர் பட்டன். தவழ்கிற வயதில் அவளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். அவள் பொம்மைகளின் காலடியில் புகுந்து, உதிர்ந்து கிடக்கிற பட்டன்களைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வாள். அவர் விரலை விட்டு எடுப்பார். எடுத்தால் அழுவாள். கொஞ்சம் வளர்ந்த பிறகு, அப்பா சட்டை அடுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். "இது ஏன்ப்பா அடியில?" "அதுதான் ரகசியம்." இரண்டு பேரும் பொம்மைக்குப் பின்னால் ஒளிந்து நின்று 'அட'வுக்குக் காத்திருப்பார்கள்.

இப்போது மூன்றாம் வகுப்பு. "என் பேர் சொல்லிக் கூப்பிடுங்கப்பா," என்று போன தடவை பார்த்தபோது சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

கடற்கரைத் திட்டம் போனில்தான் பேசி முடிவானது.

"அங்க என்னப்பா இருக்கு?"

"கடல் இருக்கு."

"வேற?"

வேற என்ன இருக்கும்? மணல் என்றால் எடுபடாது. "சிப்பி இருக்கே!"

"நிறைய இருக்குமா?"

"நிறையவா? கால் வெக்க எடம் இருக்காது!"

"சரி, வரேன்ப்பா."

அப்புறம் போன் அம்மா கைக்குப் போனது. அவர் சண்டை போடுகிற குரலில் பேசவில்லை, களைத்துப்போன குரலில் பேசினார்.

"அன்னிக்கு அவ ஃப்ரெண்டுக்குப் பர்த்டே. அதை விட்டுட்டு வர்றா. நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். அவளுக்கு உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல வரலை. சரின்னு சொல்லிட்டு என்கிட்ட வந்து அழறா. இந்தத் தடவை அவளுக்குச் சந்தோஷமா இல்லைன்னா, இனிமே நீங்களா கூப்பிடாதீங்க. அவளா கேக்கட்டும்."

"சரிங்க," என்றார் பொம்மைக்காரர். பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயமாக இருந்தது அவருக்கு. சந்தோஷமாக இருந்த காலத்தில் மகளை எப்படிச் சந்தோஷப்படுத்தினோம் என்பதே ஞாபகம் வரவில்லை. அப்போது அவர் எதுவுமே செய்யவில்லை போலிருக்கிறது.

4

ஒருநாள் முன்னதாகவே வந்து சேர்ந்தார். பையை அறையில் போட்டுவிட்டு நேராகக் கடலுக்கு ஓடினார். மணல் இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. சிப்பி? மருந்துக்கும் இல்லை. ஒரு சோடா மூடி கிடைத்தது. நகத்துண்டு மாதிரி ஒரு வெள்ளைச் சில்லு கிடைத்தது. அவ்வளவுதான்.

மேனேஜரிடம் போய் நின்றார்.

"இங்க சிப்பியே இல்லையேங்க?"

"டிராக்டர் வருது சார்." மேனேஜர் பெருமையாகச் சொன்னார். "தினம் விடிஞ்சதும் பின்னாடி சல்லடை கட்டி இழுத்துட்டுப் போவாங்க. சிப்பி, பாசி, குப்பை ஒண்ணு விடாது. கால்ல குத்துதுன்னு ஒரே புகார் சார், அதான்."

"ஒரே ஒரு நாளைக்கு நிறுத்த முடியுமா?"

"எதை, டிராக்டரையா?" மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது எல்லா விடுதிக்கும் சேர்த்து ஓடறது சார். நான் சொன்னா நிக்காது."

பொம்மைக்காரர் வெளியே வந்தார். கால் வைக்க இடம் இருக்காது என்று சொன்ன வாயை எங்கே போய் வைப்பது? பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு சிப்பிக்கடை பார்த்த ஞாபகம். அங்கே போனார். கடைக்காரம்மா சிப்பிகளைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டிருந்தார்.

"பாலிஷ் போடாதது இருக்குங்களா?"

"அது யாருக்கு வேணும்?"

"எனக்குத்தான். கொஞ்சம் உடைஞ்சது, மங்கினது, அழுக்கானது, எல்லாம் கலந்து குடுங்க."

கடைக்காரம்மா கோப்பதை நிறுத்தினார். "இத்தனை வருஷத்துல உடையாததா குடுன்னுதான் கேட்டிருக்காங்க. உடைஞ்சதைக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்." மேசைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துப் போட்டார். "இது கழிச்சுப் போட்டது. நீங்களே பொறுக்கிக்கோங்க."

நல்லதை மட்டும் வாங்கிப் போட்டால் கடையிலிருந்து வந்தது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். மங்கலான நாலுக்கு நடுவில் நல்லது ஒன்று. பொம்மைக்காரருக்குத் தன் தொழில் தெரியும். தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பொறுக்கினார். கடைசியாகக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்று, புள்ளி போட்ட பெரிய சோழி, உள்ளங்கை நிறைகிற அளவு.

"அது இந்தக் கடல்ல கிடைக்காதுங்க," என்றார் கடைக்காரம்மா.

"பரவாயில்லைங்க. நாளைக்குக் கிடைக்கும்."

அறைக்கு வந்து எல்லாவற்றையும் குளியலறை வாளியில் போட்டுக் கழுவினார். கடை வாசனை போக வேண்டுமே. துண்டில் பரப்பி உலர்த்தினார். இரண்டாவது கட்டிலில் சின்னத் தலையணையை வைத்தார், கொஞ்சம் சாய்த்து வைத்தார், மறுபடி நேராக வைத்தார். நாளைக்கு இந்த நேரம் இந்த அறையில் பேச்சுச் சத்தம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

5

இந்த இடத்தில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏன்டி, அந்தப் பொண்ணு வர்றாளா இல்லையா? மொதல்ல அதைச் சொல்லு."

"தெரியலைக்கா."

"நீதானே எழுதறே, உனக்கே தெரியலைன்னா?"

"அன்னிக்குப் பகல் முழுக்க நான் ரூம்லதான் இருந்தேன். பாக்கலை."

"கடற்கரைக்குப் போயி ரூம்ல உக்காந்திருந்தியாக்கும்! என்ன பண்ணே?"

வேறொரு கதையை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவதற்காகத்தான் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையில் அந்தப் பகலில் நாலு வரி எழுதினேன், நாலையும் அடித்தேன், பக்கத்து அறையில் ஒரு குடும்பம் சிரிப்பதைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

கதைக்கு வருகிறேன்.

டிராக்டர் போய் முடிந்ததும் பொம்மைக்காரர் பையோடு இறங்கினார். மகளின் பேருந்து வர இன்னும் நேரம் இருந்தது. மங்கினதை முதலில் வைத்தார். அப்புறம் ஒரு நல்லது. நேராக ஒரே வரிசையில் போகாமல் கொஞ்சம் வளைத்து, தண்ணீர் தொடுகிற இடத்துக்கு மேலே வைத்துக்கொண்டு போனார். புள்ளிச் சோழியைக் கடைசியில், பாதி புதைத்து, நுனி மட்டும் தெரிகிற மாதிரி. அது சட்டையின் கை நுனி.

திரும்பிப் பார்த்தால், காலை நடைக்கு வந்த பருத்த மனிதர் ஒருவர் நடுவிலிருந்து ஒரு சிப்பியைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார். "அட!" என்றார் அவர்.

பொம்மைக்காரர் ஓடினார். "சார், அது..."

"என்ன, உங்களுதா?"

கடற்கரையில் கிடக்கிற சிப்பியை என்னுடையது என்று எப்படிச் சொல்வது? பொம்மைக்காரர் அவசரமாகக் கையை ஆட்டினார். "இல்ல இல்ல. நல்லாருக்குன்னு சொல்ல வந்தேன்."

"ஆமாங்க, நான் இங்க தினம் நடக்கறேன், ஒண்ணுகூடப் பாத்ததில்லை. என் வீட்டுக்காரிகிட்டக் காட்டணும்." அந்த மனிதர் அதைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொண்டே போனார். பொம்மைக்காரருக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த 'அட' நிஜமான 'அட', அதனால் கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது. போன இடத்தில் வேறொன்றை வைத்தார்.

ஒரே ஒரு தப்பு செய்தார். அவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அத்தனை சிப்பியையும், விடுதிப் பக்கத்திலிருந்து நடந்து வருகிற ஆளைப் பார்த்தபடி வைத்திருந்தார். வாடிக்கையாளர் வருகிற திசையைப் பார்த்துத்தான் பொம்மையின் முகத்தைத் திருப்ப வேண்டும். இருபது வருஷமாக அப்படியே திருப்பின கை, தன்பாட்டுக்குத் திருப்பிவிட்டது.

6

இப்போது சாயங்காலம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெயில் இறங்கின பிறகு பால்கனிக்கு வந்தேன். அதே மனிதர், அதே இடம், அதே பை. தனியாக இருந்தார். முதுகு என் பக்கம். குனிந்தார், நிமிர்ந்தார், கொஞ்சம் நடந்தார், குனிந்தார். வைத்ததைத் தானே பொறுக்குகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகவே முதலில் எழுதின முடிவு இதுதான்.

முடிவு, முதலாவது. பேருந்து வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். மகள் இறங்கவில்லை. போன் வந்தது. "அவ வரலைங்க. கிளம்பி வாசல்வரைக்கும் வந்துட்டா, அப்புறம் பர்த்டேக்குப் போறேன்னு அழுதா. நான் கட்டாயப்படுத்தலை." "பரவாயில்லைங்க. அழ விடாதீங்க," என்றார். பகலெல்லாம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, தன் சிப்பிகளுக்குக் காவல் இருந்தார். சாயங்காலம் பொறுக்கினார். வைத்த இடம் எல்லாம் தெரியும் என்பதால் ஒன்றையும் தேட வேண்டியிருக்கவில்லை. புள்ளிச் சோழியை எடுத்தபோது யாராவது பக்கத்தில்—

"நிறுத்துடி," என்றாள் அக்கா. "கேக்க முடியலை. உன் கதையில ஒருத்தராவது நல்லா இருக்கக் கூடாதா? பொண்ணை வரவெச்சா உன் சொத்தா அழிஞ்சுடும்?"

சரி என்று வரவழைத்தேன்.

முடிவு, இரண்டாவது. பேருந்திலிருந்து அம்மாவும் மகளும் இறங்கினார்கள். மகள் முதுகில் பை, காலில் பள்ளிக்கூட ஷூ. அம்மா, "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று அதே பேருந்தில் ஏறிவிட்டார்.

"வா பட்ட... வாம்மா," என்றார் பொம்மைக்காரர்.

அவள் ஷூவைக் கழற்றி அவர் கையில் வைத்துக்கொண்டார். நடந்தார்கள். முதல் சிப்பியைப் பார்த்ததும் அவள் ஓடினாள். ஓடினாள் என்பதை நான் சத்தியம் செய்து சொல்கிறேன், அந்த ஓட்டத்தில் கலப்படம் இல்லை. எடுத்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதுக்குக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அதைப் பார்த்தாள். அதற்கு அப்பால் கிடந்ததைப் பார்த்தாள். அதற்கும் அப்பால் பார்த்தாள். எல்லாச் சிப்பியும் முகத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நல்லது ஒன்று, மங்கினது நாலு. அவள் பொம்மைகளின் காலடியில் வளர்ந்த பெண். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அட!" என்றாள் மகள்.

எத்தனை ஆயிரம் 'அட' கேட்ட காது அது! வாங்கப் போவதில்லை, ஆனால் விற்கிறவர் மனம் நோகக் கூடாது என்று சில நல்ல மனிதர்கள் கடையில் ஒரு 'அட' சொல்வார்கள். சொல்லிவிட்டு அழகாக மடித்து வைத்துவிட்டுப் போவார்கள். மகள் சொன்னது அந்த 'அட'. பொம்மைக்காரருக்குக் காலுக்கடியில் மணல் இழுத்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு அவள் ஒன்று விடாமல் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் சரியாக ஒரு 'அட'. புள்ளிச் சோழியைத் தோண்டி எடுத்து, "ரொம்ப நல்லாருக்குப்பா. தேங்க்ஸ்," என்றாள். பெற்ற பெண் தேங்க்ஸ் சொல்கிறாள்! அவர் தலையை ஆட்டினார். சாப்பிட்டார்கள். ஒரே ஒரு தடவை சிரித்தாள், அதுவும் டிவியைப் பார்த்து. பிறகு கேட்டாள்:

"அம்மாவுக்கு ஒரு போன் பண்ணலாமாப்பா? இன்னிக்கே வரச் சொல்லி."

அவர் போனைக் கொடுத்தார். மாலைக்குள் அம்மா வந்துவிட்டார். பேருந்தில் ஏறும்போது மகள் சிப்பிப் பையை அவர் கையில் கொடுத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா. அடுத்த தடவை வந்தா வேணும்ல."

பேருந்து போய்விட்டது. அடுத்த தடவை என்றாளே, அது நிஜமா? இல்லை, அதுவும் மடித்து வைத்துவிட்டுப் போகிற பேச்சா? பொம்மைக்காரருக்கு விளங்கவில்லை. அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அவளா கேட்கட்டும். இது கேட்டதில் சேர்த்தியா? பையோடு கடலுக்கு நடந்தார். டிராக்டர் வழித்த வெறும் மணல். இந்தத் தடவை முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பி வைத்துப் பழக வேண்டும் என்று குனிந்து, முதல் சிப்பியை மணலில் வைத்—

7

இந்த வாக்கியத்தில் என் பேனா நின்றுவிட்டது.

வைத்தார் என்று எழுதப் போனேன். கதை இழுத்துக்கொண்டு போன வேகத்தில் அது தானாக வந்தது. ஆனால் சாயங்காலம் அவர் பொறுக்கினார் என்றல்லவா உங்களிடம் சொல்லியிருக்கிறேன்? என் கண்ணால் பார்த்தது அல்லவா?

என்ன பார்த்தேன்? மூன்றாவது மாடியிலிருந்து ஒரு முதுகைப் பார்த்தேன். குனிந்தார், நிமிர்ந்தார், நடந்தார். எடுக்கிறவரும் அப்படித்தான் குனிவார், வைக்கிறவரும் அப்படித்தான் குனிவார். தனியாக இருக்கிற மனிதர் எடுக்கத்தான் செய்வார் என்று நானாக முடிவு கட்டிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். கொஞ்ச நேரம் கூட நின்று பார்த்திருந்தால், பை பருக்கிறதா இளைக்கிறதா என்று தெரிந்திருக்கும்.

எழுந்துபோய் வீட்டுக்குள் நாலு நடை நடந்தேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

"எடுத்தாரோ வெச்சாரோ, எனக்கு என்னடி வந்தது?" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, அவளே சொன்னாள்: "ஏய், இப்படி வெச்சுக்கோயேன். பஸ்ஸைத் தவற விட்டுட்டாங்க. நாளைக்கு வரேன்னு பொண்ணே போன் பண்ணிச் சொல்லிட்டா. அவளே கேட்டு வர்றா. அப்படியே விட்டா காலைல டிராக்டர் வாரிட்டுப் போயிடுமேன்னு பத்திரமா எடுத்து வெக்கறாரு மனுஷன். ஏன் இருக்கக் கூடாது?"

ஏன் இருக்கக் கூடாது? எனக்கு ஏன் அது தோன்றவே இல்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"நீ எப்ப வர்றே இங்க?" என்று அக்கா கேட்டாள். "வரேன்க்கா," என்றேன். அவளுக்கு என் 'வரேன்' தெரியும்.

8

உண்மை தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. மறுநாள் விடிவதற்குள் பெட்டியோடு கிளம்பினேன். முதல் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. விடுதிச் சுவரை ஒட்டி டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து எட்டு நடந்தால் மணல். சிப்பி கிடந்தால், அவர் வைத்திருக்கிறார். கிடக்காவிட்டால், எடுத்திருக்கிறார். அவ்வளவு சுலபம்.

நான் போகவில்லை. வெறும் மணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது, அது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிடந்திருந்தால்? குனிந்து எடுத்திருப்பேன். எடுத்த உடனே "இங்க பாரேன்!" என்று திரும்பிக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அந்தப் பருத்த மனிதருக்குக்கூட வீட்டில் ஒருத்தி இருந்தாள். எனக்குப் பக்கத்தில் பெட்டிதான் இருந்தது. பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

ஆனால் கதை என் கையில்தானே இருக்கிறது. மேனேஜர் சொன்னால் நிற்காத டிராக்டர், நான் சொன்னால் நிற்கும். நிறுத்திவிட்டேன். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், நான் சொல்கிறவரைக்கும் குடிப்பார், கவலை வேண்டாம். கிழக்கே லேசாக வெளுக்கிறது. முதல் மாடியில், கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்று திறந்திருக்கிறது. உள்ளே இரண்டு கட்டில். இரண்டாவது கட்டிலில் யாராவது படுத்திருக்கிறார்களா என்று நான் எட்டிப் பார்க்க மாட்டேன். முதல் கட்டிலில் ஒருவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

நீங்கள் போங்கள். செருப்பை இங்கே விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் தொடுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே நடங்கள், தரையைப் பார்த்து நடங்கள்.

ஏதாவது தட்டுப்பட்டால், உங்களுக்கு நிஜமாகவே வந்தால் மட்டும், 'அட!' என்று சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். ஜன்னல் திறந்திருக்கிறது.